கட்டடம், பாலம், ரயில்: பெருநகரங்களைப் படமெடுக்க எங்கே நிற்பது, எப்போது நிற்பது?

பெருநகரங்களில் எடுக்கும் படங்கள் சரியாக வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதில் சொன்ன குறைகள் மூன்று. உயரமான கட்டடங்கள் பின்பக்கம் சாய்ந்தபடி வருகின்றன. புகழ்பெற்ற பாலத்தை எடுத்தால் எல்லோரும் எடுத்த அதே படம்தான் கிடைக்கிறது. ரயில், டிராம், பேருந்து என்றால் ஒன்று உறைந்து நிற்கின்றன, இல்லையென்றால் என்னவென்றே தெரியாமல் கலங்கிப் போகின்றன. இதோடு, புது லென்ஸ் வாங்கினால் சரியாகுமா, டிரைபாடை (கேமராவைத் தாங்கும் முக்காலியை) எங்கெல்லாம் அனுமதிப்பார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

லென்ஸை அப்புறம் பார்ப்போம். மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான். எடுக்கப்போகும் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்கும் முன்பே அதன் எதிரில் போய் நின்றுவிடுகிறோம். பாலம் தன் எடையை எங்கே இறக்குகிறது, கட்டடத்தின் எந்த முகத்தில் எந்த மாதம் வெயில் படும், டிராம் என்ன வேகத்தில் போகும் என்பதெல்லாம் தெரிந்தால், எங்கே நிற்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் சாய்வு. இது லென்ஸின் குற்றம் இல்லை, வெறும் வடிவியல். கேமராவை அண்ணாந்து பிடித்தால் உள்ளே ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரும் கட்டடத்தின் சுவரும் இணையாக இருக்காது. அதனால்தான் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. கேமராவை நிமிர்த்தி நேராகப் பிடித்தால் கோடுகளும் நேராகிவிடும். ஆனால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையாகி, கோபுரத்தின் தலை வெட்டுப்படும். இதிலிருந்து தப்ப நல்ல வழி தள்ளிப் போவது, இல்லையென்றால் உயரப் போவது. எதிரில் உள்ள பல அடுக்கு வாகன நிறுத்தத்தின் மேல்தளமோ, நடை மேம்பாலமோ, மாடிப்படியின் ஜன்னலோ போதும். கட்டடத்தின் பாதி உயரத்துக்கு நீங்கள் வந்துவிட்டால் கேமராவை அண்ணாந்து பிடிக்கவே வேண்டியதில்லை.

இடமே கிடைக்காத குறுகிய தெருக்களுக்காகத்தான் ஷிஃப்ட் லென்ஸ் இருக்கிறது. கேமரா நேராகவே இருக்க, லென்ஸ் மட்டும் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் மேலே நகரும். விலை அதிகம், கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். கட்டடப் படங்களைத் தொழிலாகச் செய்பவருக்குத் தவிர மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினியில் திருத்துவதே போதும். ஆனால் அப்படித் திருத்தும்போது படத்தின் மேற்பகுதி இழுபட்டு, ஓரங்கள் வெட்டுப்படும். எனவே எடுக்கும்போதே நாலா பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள். கட்டடத்தை ஓரத்தோடு ஒட்டி எடுத்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை. இன்னொன்று: பிழையாகத் தெரிவது பெரிய சாய்வு அல்ல, சின்னச் சாய்வுதான். ஒன்று கோடுகளைச் சரியாக நேராக்குங்கள், இல்லையென்றால் சுவரின் அடியில் நின்று முழுசாக அண்ணாந்து எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால் கவனக்குறைவாகத்தான் தெரியும்.

தூரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதை லென்ஸின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். படத்தில் எது பெரிதாக, எது சிறிதாகத் தெரிகிறது என்ற விகிதத்தைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம் மட்டுமே. லென்ஸ் அதிலிருந்து ஒரு பகுதியை வெட்டித் தருகிறது, அவ்வளவுதான். நியூயார்க்கில் புரூக்ளின் பக்கத்து வாஷிங்டன் தெருவில் நின்றால் மன்ஹாட்டன் பாலத்தின் கோபுரக் கால்களுக்கு நடுவே எம்பயர் ஸ்டேட் கட்டடம் தெரியும். பாலம் அருகிலேயே இருக்கிறது, கட்டடமோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தெருவில் நூறு அடி பின்னால் போனால் பாலம் கண்ணெதிரே சுருங்கும், எம்பயர் ஸ்டேட் கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். அதாவது பின்னால் போகப்போக, பாலத்தின் இடைவெளியில் அந்தக் கட்டடம் பெரிதாகிக்கொண்டே வரும். அப்புறம் தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸால் தேவையானதை வெட்டிக்கொள்ளலாம்.

நிலவைக் கோபுரத்தோடு சேர்த்து எடுக்க ஆசைப்படுபவர்களுக்கும் இதே கணக்குதான். வானத்தில் நிலவின் விட்டம் சுமார் அரைப் பாகை. ஒரு பொருளின் அகலத்தைப்போல ஏறக்குறைய 110 மடங்கு தூரத்தில் நின்றால் நிலவும் அந்தப் பொருளும் ஒரே அளவில் தெரியும். 10 மீட்டர் அகலமுள்ள மணிக்கூண்டுக்குப் பின்னால் அதே அகலத்தில் நிலவு வேண்டுமென்றால் 1.1 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். 200 மி.மீ. லென்ஸில் நிலவு சென்சார் மேல் 2 மில்லிமீட்டர்கூட வராது. அருகில் நின்று எடுத்த படத்தில் நிலவு பிரம்மாண்டமாகத் தெரிந்தால், அதை யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒளிக்கு வருகிறேன். போவதற்கு முன்னால் வரைபடத்தில் அந்தக் கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். லண்டன், பாரிஸ், நியூயார்க் போன்ற வடக்கு அட்சரேகை நகரங்களில் வடக்கு பார்த்த சுவருக்குக் குளிர்காலத்தில் நேரடி வெயிலே கிடையாது. கோடையில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைவதால் அதிகாலையிலும் மாலைக் கடைசியிலும் மட்டும் சாய்வாக வெயில் விழும். சிட்னியில் இது தலைகீழ். சொரசொரப்பான கான்கிரீட்டுக்கும் செதுக்கு வேலை உள்ள கல்லுக்கும் அந்தச் சாய்வு வெயில்தான் உயிர். உச்சி வெயிலில் இரண்டுமே தட்டையாகிப் போகும். கண்ணாடிக் கோபுரங்கள் உள்ள வட்டாரத்தில் மட்டும் நடுப்பகலையும் ஒதுக்காதீர்கள். ஒரு கோபுரம் பிரதிபலிக்கும் வெயில் எதிர்ப்பக்கத்து நிழல் சுவரில் நெளிநெளியாக விழும். சூரியன் நகர நகர அதுவும் நகரும், எனவே காத்திருந்து எடுக்க வேண்டியது.

மேகம் மூடிய நாளும் வீண் இல்லை. ஜெர்மனியின் பெர்ண்ட், ஹில்லா பெஷர் தம்பதியர் நீர்த்தொட்டிகளையும் உலைகளையும் பல பத்தாண்டுகள் படமெடுத்தபோது, நிழல் வடிவத்தை மறைக்கக் கூடாது என்பதற்காகவே மந்தமான வானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வடிவம்தான் உங்கள் விஷயம் என்றால் அந்த வழியைப் பின்பற்றுங்கள்.

மாலையில் எல்லோரும் தேடுவது நீல வேளை. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 4 முதல் 6 பாகை வரை இறங்கும்போது வானத்தின் வெளிச்சமும் ஜன்னல்களின் வெளிச்சமும் சமமாகின்றன. சிங்கப்பூர் போல நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள நகரத்தில் சூரியன் மறைந்து 6 பாகை இறங்க 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். ஸ்டாக்ஹோமில் ஜூன் மாதத்தில் அதுவே ஒரு மணி நேரத்தைத் தாண்டும். சிங்கப்பூரில் ஒரே இடத்தில் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், ஸ்டாக்ஹோமில் இரண்டு மூன்று இடங்களுக்கு நடந்தே போய்வரலாம். அலுவலகக் கோபுரங்களை எடுக்கப் போகிறவர்கள் வடக்கு நகரங்களுக்குக் குளிர்காலத்தில், வேலை நாளில் போவது நல்லது. அப்போது சூரியன் மறையும் நேரத்தில் உள்ளே ஆட்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பார்கள், ஜன்னல்கள் எல்லாம் எரியும். கோடையில் வானம் நீலமாகும்போது பாதிக் கோபுரம் இருண்டுவிடும்.

பழைய மஞ்சள் சோடியம் விளக்குகள் உள்ள தெருக்களில் ஒரு சிக்கல் உண்டு. தாழ் அழுத்த சோடியம் விளக்கு கிட்டத்தட்ட ஒரே அலைநீளத்தில், 589 நானோமீட்டர் அருகில், ஒளி தருகிறது. மற்ற நிறங்களே அதில் இல்லாததால் ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமநிலையை) எவ்வளவு மாற்றினாலும் நிறம் திரும்பாது. அந்தத் தெருவைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவேன்.

இனி பாலங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கட்டடம் தன் எலும்பை உடைக்குள் மறைத்துவிடும். பாலத்தில் எலும்பு வெளியே தெரியும். எடை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். அந்த வழியைக் காட்டும் இடத்தில் நின்றால் படம் அஞ்சலட்டையிலிருந்து விலகிவிடும்.

தொங்கு பாலத்தில் எடை கம்பி வடத்தில் ஏறி, கோபுரத்தின் தலை வழியாகக் கீழே இறங்குகிறது. 1883இல் திறந்த புரூக்ளின் பாலத்தின் நடு இடைவெளி 486 மீட்டர். அதில் செங்குத்தாகத் தொங்கும் கம்பிகளோடு கோபுரத்திலிருந்து சாய்வாக இறங்கும் கம்பிகளும் குறுக்கிடுவதால் தலைக்கு மேல் ஒரு பெரிய வலை விரிந்திருக்கும். வாகனங்களுக்கு மேலே நடைபாதை தனியாக இருப்பது நமக்குக் கிடைத்த வரம். அதன் நட்டநடுவில் நின்று, அகலமாகக் காட்டும் வைட் லென்ஸில், கூர்முனை வளைவுகள் கொண்ட கல் கோபுரத்தை நேராகப் பாருங்கள். கம்பிகள் எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக விரிய வேண்டும். அரை அடி விலகினாலும் சமச்சீர் உடைந்தது கண்ணில் உறுத்தும். விடியும் நேரத்தில் போகாவிட்டால் கூட்டத்துக்கு நடுவில் இந்த வேலை நடக்காது.

சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் 1937இல் திறந்தது, நடு இடைவெளி 1280 மீட்டர். அங்கே கடல் மூடுபனி கோடையில்தான் அதிகம். வடகரையில் பேட்டரி ஸ்பென்சர் மேட்டிலிருந்து எடுக்கும் படம் உலகப் புகழ்பெற்றது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தென்கரையில் பாலத்தின் அடியில் இருக்கும் ஃபோர்ட் பாயிண்ட் கோட்டைக்கும் இறங்கிப் போங்கள். அந்தப் பழைய செங்கல் கோட்டையை இடிக்காமல் காப்பாற்றுவதற்காக அதன் தலைக்கு மேல் ஒரு எஃகு வளைவைப் பொறியாளர்கள் கட்டினார்கள். தொங்கு பாலத்துக்குள் இப்படி ஒரு வளைவுப் பாலம் ஒளிந்திருக்கிறது என்பது மேட்டிலிருந்து பார்க்கும்போது மனதில் பதியாது.

வளைவுப் பாலம் எடையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சிட்னி துறைமுகப் பாலத்தின் வளைவு 503 மீட்டர் அகலம், திறந்தது 1932இல். இரண்டு முனைகளிலும் நிற்கும் உயரமான கல் கோபுரங்கள் வளைவைத் தாங்கவில்லை, அவை அழகுக்காக எழுப்பியவை. உண்மையான சுமை முழுவதும் வளைவு கரையைத் தொடும் மூட்டுகளில் இறங்குகிறது. இது தெரிந்த பிறகு, கோபுரங்களைச் சேர்ப்பதா விடுவதா என்று யோசித்து முடிவெடுப்பீர்கள். படகில் போய்த் தண்ணீர் மட்டத்திலிருந்து எடுத்தால் வளைவின் முழு அளவு தெரியும்.

கொல்கத்தாவின் ஹவுரா பாலம் (1943) கேன்டிலீவர் வகை. இரண்டு கரையிலிருந்தும் நீளும் கைகள் நடுவில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆற்றின் நடுவே பாலம் இறங்கத் தூண் இல்லை. இந்த வகைப் பாலத்துக்குப் பக்கவாட்டுப் பார்வைதான் சரி. லண்டனின் டவர் பிரிட்ஜ் (1894) திறந்து மூடுவது. ஆண்டுக்குச் சுமார் 800 முறை தூக்குகிறார்கள், நேர அட்டவணை முன்கூட்டியே வெளியாகும். அதைப் பார்க்காமல் அங்கே போவது வீண். பாலம் தூக்கியிருக்கும்போது தண்ணீரில் கப்பல், மேலே இரண்டாகப் பிரிந்த சாலை, நின்றுபோன பேருந்து வரிசை மூன்றும் ஒரே படச்சட்டத்தில் வரும்.

நுட்பமாகக் கவனிக்க வேண்டியவை சில. ஓடும் வாகனங்களால் பாலத்தின் தளம் அதிரும், டிரைபாட் அந்த அதிர்வை அப்படியே கேமராவுக்கு ஏற்றும். நீண்ட எக்ஸ்போஷர் (கேமரா ஒளியைப் பதிவு செய்யும் நேரம்) வேண்டுமென்றால் கரையிலிருந்து எடுங்கள். பாலத்தின் மேலேயே எடுத்தாக வேண்டும் என்றால் குறுகிய எக்ஸ்போஷரில் நிறையப் படங்கள் எடுத்துக் கணினியில் சராசரி செய்யுங்கள். லென்ஸின் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கும், 1/30 விநாடி அரை நிமிடமாகும். ஆனால் அவ்வளவு நேரம் எடுக்கும்போது பட்டுப்போல் வழவழக்கும் தண்ணீர் எல்லாப் பாலப் படத்திலும் வந்து அலுத்துவிட்டது என்பது என் கருத்து. ஓடும் ஆறு ஓடுவதாகத் தெரிந்தால்தான் பாலத்துக்கு அங்கே என்ன வேலை என்று புரியும். விளக்குகள் நட்சத்திரமாக விரிய வேண்டுமென்றால் அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) எஃப் 11, எஃப் 16 என்று சுருக்குங்கள். லென்ஸின் அப்பர்ச்சர் இதழ்கள் இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர்கள், ஒற்றைப்படை என்றால் அதைப்போல் இரு மடங்கு.

ரயிலுக்கும் டிராமுக்கும் வருவோம். 1838இல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகேர் பாரிஸின் பூல்வார் து தாம்ப்ள் சாலையை மாடியிலிருந்து எடுத்தார். எக்ஸ்போஷர் பல நிமிடம் நீண்டதால் ஓடிய வண்டிகள் ஒன்றுகூடப் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொண்டு ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் தெரிகிறார். நகரத்தில் யார் இருக்கிறார்கள், யார் மறைகிறார்கள் என்பதை அன்று முதல் இன்று வரை ஷட்டர்தான், அதாவது ஒளியை எவ்வளவு நேரம் உள்ளே விடுகிறோம் என்பதுதான், முடிவு செய்கிறது. எனவே முதலில் உங்களையே கேளுங்கள்: எது அசையாமல் இருக்க வேண்டும், எது ஓட வேண்டும்?

வண்டி தெளிவாக, பின்னணி ஓடுவதாக வேண்டும் என்றால் பேனிங், அதாவது வண்டியோடு கேமராவையும் சேர்த்துத் திருப்புவது. பழகுவதற்கு உலகிலேயே நல்ல இடம் சான் ஃபிரான்சிஸ்கோவின் கேபிள் கார்கள். தரைக்கு அடியில் ஓடும் வடத்தைப் பிடித்துக்கொண்டு போவதால் வேகம் மாறாமல் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். 1/15 முதல் 1/30 விநாடி வரை வைத்துப் பாருங்கள். ஷட்டரை அழுத்தப்போகும் திசையில் கால்களை ஊன்றி, இடுப்புக்கு மேல் மட்டும் திரும்பி, வண்டி வருவதற்கு முன்பே பின்தொடரத் தொடங்குங்கள். அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள், பெரும்பாலோர் தடுமாறுவது அங்கேதான். வேகமான பேருந்துக்கு 1/60 வைக்கலாம். அருகில் குறுக்கே போவதற்கும் தூரத்தில் போவதற்கும் ஒரே ஷட்டர் பொருந்தாது.

இதற்கு நேர்மாறாக, கேமராவும் நடைமேடையில் காத்திருப்பவரும் அசையாமல் இருக்க, ரயில் மட்டும் ஓடட்டும். 1/4 விநாடியில் ரயிலின் ஜன்னல் வரிசையும் நிறக்கோடும் இழுபட்டாலும் ரயில் என்று அடையாளம் தெரியும். ஒரு விநாடியில் அது வெறும் வண்ணப்பட்டை ஆகிவிடும். உங்கள் கலங்கலுக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்: ஷட்டர் மெதுவாக இருந்ததோடு, படத்தில் அசையாத பொருள் ஒன்றுமே இல்லை. இரவு ஒளிக்கோடுகளுக்கு 10 முதல் 20 விநாடி. பேருந்து சட்டத்துக்குள் நுழையும் முன் திறந்து, வெளியேறிய பின் மூடினால் கோடு அறுபடாது. இரட்டைத்தளப் பேருந்து ஓடும் லண்டன், ஹாங்காங் தெருக்களில் மேல்தள ஜன்னல்களும் உயரத்தில் கோடு இழுக்கும், சாலை மட்டத்துக் கோடுகளைவிட அது எனக்கு அழகு.

எல்இடி பலகைகளில் ஊர்ப்பெயர் பாதி அழிந்து வருவதற்குக் காரணம், அந்த விளக்குகள் தொடர்ந்து எரியாமல் வரிசை வரிசையாகச் சிமிட்டுவதுதான். ஷட்டரை 1/125 விநாடியைவிட மெதுவாக்கினால் பெரும்பாலும் முழுசாக வரும். நிலையங்களில் படத்தில் கோடு கோடாக விழுந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 1/60 அல்லது 1/120 அருகில் வையுங்கள்.

நிலையங்களையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டாக்ஹோமின் டி சென்ட்ரலனில் குடைந்த பாறையின் மேல் நீலக் கொடிகள் வரைந்திருக்கிறார்கள். வாஷிங்டன் மெட்ரோவில் ஹாரி வீஸ் வடிவமைத்த கான்கிரீட் வளைவுக் கூரை கட்டம் கட்டமாகத் தொலைவு வரை போகும். மாஸ்கோவின் மயகோவ்ஸ்கயாவில் (1938) அண்ணாந்து பார்த்தால் கூரைக் குழிவுகளுக்குள் மொசைக் ஓவியங்கள். மூன்றிலும் நிலையத்தின் நட்டநடுக் கோட்டில் நில்லுங்கள். சட்டத்தில் ஒரே ஒரு ஆள் இருக்கட்டும், அளவு புரிய அது வேண்டும்.

லென்ஸ் கேள்விக்கு இப்போது விடை சுலபம். 24–70 மி.மீ. லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் மேலே சொன்னதில் பெரும்பகுதியைச் செய்யலாம். அடுத்து வாங்குவதாக இருந்தால், மேலும் வைட் லென்ஸ் வேண்டாம், 70–200 மி.மீ. டெலி லென்ஸ் வாங்குங்கள். தள்ளிப் போய் எடுக்கும் பழக்கத்தை அது கொண்டுவரும்.

கடைசியாக அனுமதி. லண்டன் சுரங்க ரயிலில் சொந்தத்துக்குப் படமெடுக்கலாம், ஃபிளாஷும் டிரைபாடும் கூடாது. நியூயார்க் சப்வேயிலும் படமெடுக்கலாம், டிரைபாடும் தனி விளக்கும் கூடாது. தூணில் சாய்ந்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) உயர்த்தி எடுக்கப் பழகுங்கள். நடைமேடையின் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டுவதும் தண்டவாளத்தில் இறங்குவதும் எந்தப் படத்துக்காகவும் வேண்டாம். லண்டனின் கேனரி வார்ஃப் போல, பார்க்கப் பொதுத் தெருவாக இருந்தும் தனியாருக்குச் சொந்தமான வட்டாரங்கள் உண்டு. அங்கே காவலர் வந்து தடுத்தால் வாதாடாமல் யாரிடம் அனுமதி வாங்குவது என்று கேளுங்கள். சில நாடுகளில் பாலமும் ரயில் நிலையமும் பாதுகாப்புப் பகுதிகள். அதைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தை விற்கப் போகிறவர்கள் காப்புரிமையையும் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடங்களைப் படமெடுத்து வெளியிட அனுமதிக்கிறது. ஜெர்மனியிலும் அனுமதி உண்டு, ஆனால் பொது இடத்தில் நின்று எடுத்திருக்க வேண்டும். எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்த வியன்னாவின் ஹுண்டர்ட்வாசர் இல்லப் படத்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. பிரான்ஸில் கட்டுப்பாடு அதிகம். கோபுரத்தைக் கட்டிய ஐஃபில் 1923இல் இறந்து, உரிமைக் காலமும் முடிந்துவிட்டதால் ஐஃபில் கோபுரத்தின் வடிவம் இப்போது பொதுவுடைமை. இரவு விளக்கு அலங்காரத்துக்கு மட்டும் தனி உரிமை இருக்கிறது. சொந்தத்துக்கு எடுத்து நண்பர்களோடு பகிரலாம், வணிகத்துக்கு என்றால் கோபுர நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். பகலில் எடுத்த படத்துக்கு அது தேவையில்லை.